கடை முன் அப்பா

சென்ற மாதம் நமக்கு இரண்டு போட்டோப் படங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று லண்டன் மாநகரிலிருந்து வந்தது. மற்றொன்று கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வந்தது. இரண்டும் பழைய படங்கள். அனுப்பியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆயினும், சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "இது எந்தக் கடை?"

கடை என்றவுடன் நேயர்கள் மளிகைக் கடையையோ ஜவுளிக் கடையையோ நினைத்துவிட வேண்டாம். நமது தேசத்தில் "அவன் கடைக்குப் போகிறான்" என்று ஒரு தினுசாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னால், எந்தக் கடை என்று யாரும் கேட்பதில்லை. லண்டன் படம் அப்படிப்பட்ட கடை ஒன்றின் படம். கரியாலூர் படமும் அப்படித்தான் என்று அந்த வீட்டார் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பி வெட்கப்பட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

மதுவிலக்கை மனமார ஆதரிக்கும் நமக்கு மதுக்கடைப் படங்களில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கள்ளை வெறுக்கலாம், அதற்காகக் கள்ளுக்கடை வாசலில் நின்ற மனிதர்களின் முகத்தையும் வெறுக்க வேண்டுமா, என்ன? அதுவும் அந்த முகம் ஒருவருடைய பாட்டனாரின் முகமாக இருக்கும்போது?

லண்டன் படத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதற்கு ஒரு மாலைப் பொழுதுதான் பிடித்தது.

அனுப்பியவர் நமது பழைய சிநேகிதர் ஒருவரின் புதல்வர். அங்கே உத்தியோகம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கிடையே அந்தப் படம் கிடைத்ததாம். சுமார் முப்பது ஆண்கள், தலைக்குத் தொப்பியும் கோட்டுப் பித்தானில் பூவுமாக, மேலே கூரையில்லாத ஒரு பெரிய மோட்டார் வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் ஒரு கட்டடம். அதன் வாசலில் ஒரு தடித்த மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாய். கடையின் பெயர்ப் பலகையில் பாதியை வண்டி மறைத்துவிட்டது.

இங்கிலாந்தில் இம்மாதிரிப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருநாள் கடையின் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சமுத்திரக் கரைக்கு உல்லாசப் பிரயாணம் போவார்கள். புறப்படுமுன் கடை வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த மனிதர்கள் போய்விட்டார்கள். பல கடைகளும் போய்விட்டன. படங்கள் மட்டும் பெயரில்லாமல் அலைகின்றன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, "இது இன்ன தெருவில் இருந்த இன்ன கடை" என்று கண்டுபிடிப்பதே அந்நாட்டில் பலருக்குப் பொழுதுபோக்கு.

இந்த விஷயத்தில் அவர்களுக்கு உதவியாக ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1393-ம் வருஷத்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னன், 'ஏல்' என்னும் பானம் விற்கிறவன் தன் வாசலில் ஓர் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் செய்தான். சரக்கைச் சோதிக்கும் அதிகாரி கடையை எளிதில் கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காகப் பலகையில் சித்திரம் எழுதினார்கள்: சிவப்புச் சிங்கம், வெள்ளை மான், ராஜாவின் தலை, ஏர்க் கலப்பை. அப்படிப் பிறந்த பெயர்கள் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. சிவப்புச் சிங்கம் என்ற பெயருள்ள கடைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆகவே பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. நமது ஊரில் "முருகன் கோயில் பக்கத்து வீடு" என்று விலாசம் சொன்ன கதையாகிவிடும்.

ஆனால் பெயர் மட்டுமா? வாசலுக்கு மேலே லைசென்ஸ்தாரரின் பெயரை எழுதி வைப்பார்கள். சரக்கு அனுப்பும் பீர்க் கம்பெனியின் பெயரைச் சுவர் நீளத்துக்குப் பெரிய எழுத்தில் பதிப்பார்கள். லண்டனில் வருஷந்தோறும் தபாலாபீஸ் டைரக்டரி என்ற தடித்த புஸ்தகம் வெளியாகி வந்தது. எந்தத் தெருவில் எந்த மதுக்கடையை எவர் நடத்தினார் என்று அதில் பார்க்கலாம். 1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த ஜனக் கணக்கில் கடைக்காரர், அவர் மனைவி, மக்கள், வேலைக்காரி வரையில் பெயர் இருக்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கார் சர்வே படத்தில் ஒவ்வொரு மதுக்கடைக்கும் பக்கத்தில் 'பி. எச்.' என்று இரண்டு எழுத்துப் போட்டிருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கடையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அது கடையின் குற்றமல்ல!

நமது படத்தில் வண்டிக்கு மேலாகத் தெரிந்தது பெயரின் கடைசிப் பகுதி: 'கிளைட்' என்று. சுவர் ஓட்டில் 'ட்ரூமன், ஹான்பரி, பக்ஸ்டன்' என்ற கம்பெனிப் பெயரும், அதை அடுத்து 'என்டையர்' என்ற வார்த்தையும் இருந்தன. என்டையர் என்றால் முழுமை என்று பொருளல்லவா, கடைச் சுவரில் எதற்கு என்று நாமும் சற்று விழித்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கூலியாட்கள் விரும்பிக் குடித்த ஒருவகைக் கறுப்புப் பீருக்கு அந்தப் பெயராம். பீர் வழக்கொழிந்தும் பெயர் சுவரில் நின்றுவிட்டது. 'லார்ட் கிளைட்' என்ற கடைகள் பல இருந்தாலும், தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஸதர்க் பகுதியில் 1913-ம் வருஷத்தில் புதுப்பித்துக் கட்டிய கடையில் இதே கம்பெனியின் பெயரைப் பச்சையும் வெளிர் நிறமுமான ஓடுகளில் பதித்திருக்கிறார்கள். அது இன்னமும் இருக்கிறது. ஜன்னல்களையும் ஓட்டு எழுத்துக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், பொருந்தின. வண்டிச் சக்கரங்களோ காற்றடைக்காத கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள். பக்கத்தில் 'மணிக்கு 12 மைல்' என்று வேக அளவு எழுதியிருந்தது. 1920-க்குப் பிறகு சில வருஷங்களில் அந்த மாதிரிச் சக்கரங்கள் மறைந்து போயின. ஆகவே 1913-க்கும் சுமார் 1925-க்கும் இடைப்பட்ட படம் என்று சிநேகிதரின் புதல்வருக்கு எழுதிவிட்டோம்.

எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் நமது மனத்தை உறுத்த ஆரம்பித்தது. லார்ட் கிளைட் யார்? 1857-ல் நமது சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரிட்டிஷ் சேனாதிபதியாக வந்து, 1858 மார்ச்சில் லக்ஷ்மணபுரியை மீண்டும் பிடித்த காலின் காம்ப்பெல்தான். அதற்காக அவருக்குக் கிடைத்த பட்டம் அது. சண்டையில் ஜயித்தவனுக்குப் பட்டம் கொடுத்து, பிறகு அந்தப் பட்டத்தைச் சாராயக் கடைக்கு வைப்பது அவர்களுடைய மரியாதை போலும். அதே கலகத்தில் பேர்போன நீல் துரையின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றதும், 1927-ல் அதை அகற்றச் சொல்லித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றதும், 1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை அதை மியூசியத்துக்கு அனுப்பியதும் நேயர்கள் அறிந்ததே. நாம் சிலையை எடுத்தோம். அவர்கள் பெயர்ப் பலகையை எடுக்கவில்லை. எடுக்காதது நமக்கு ஒரு படத்தை அடையாளம் காண உதவிற்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனிக் கரியாலூர்.

அந்தப் படத்தை அனுப்பியவர் அவ்வூர்ப் பக்கத்தில் வேலை பார்க்கும் ஓர் உபாத்தியாயர். செல்போனில் நகல் எடுத்து அனுப்பியிருந்தார். தாழ்ந்த கூரைக் கொட்டகை, மண் திண்ணை, ஏழு ஆண்கள், ஒரு சிறுவன், ஓர் ஆட்டுக்குட்டி. ஆண்களில் ஒருவர் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் அமர்ந்து மடியில் ஒரு கணக்குப் புஸ்தகம் வைத்திருக்கிறார். மற்றவர்கள் கம்பளி போர்த்தி நிற்கிறார்கள். இடது ஓரத்தில், திண்ணைக்குக் கீழே, கறுப்பாக உருண்டையாக ஒரு பொருள் இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் மலை விளிம்பு.

நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் உயரமான மனிதர்தான் அந்த வீட்டுக்காரரின் பாட்டனார். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது என்றும் உபாத்தியாயர் தெரிவித்திருந்தார். ஆனால் பின்புறத்தை நகல் எடுக்கவில்லை! பழைய படங்களை நகலெடுக்கிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். முகம் முன்புறத்தில் இருந்தாலும் மேல்விலாசம் பின்புறத்தில்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் நாமே புறப்பட்டோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டு மலைப் பாதையில் ஏறினால் கரியாலூர். மலை ஏறும்போது நாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டது இதைத்தான்: லண்டன் படத்துக்கு உதவிய சாக்ஷிகளில் ஒன்றாவது இங்கே உண்டா? நமது கள்ளுக்கடைக்குப் பெயர் ஏது? சிங்கமும் மானும் எழுதிய பலகை ஏது? 1886-ம் வருஷத்து ஆப்காரிச் சட்டப்படி கடைகளை ஏலம் விட்டார்கள். கள்ளிறக்கும் மரத்துக்கு வரி வாங்கி, மரத்திலே நம்பர் போட்டார்கள். 1906-ல் பிரான்ஸிஸ் என்ற துரை எழுதிய தென்னாற்காடு ஜில்லா கெஜட்டியரில் இந்த மலையைப் பற்றியும் ஆப்காரி வருமானத்தைப் பற்றியும் படிக்கலாம். மரத்துக்குக்கூட ஓர் அடையாளம் இருந்தது. கடைக்கோ ஒரு கீற்றுக் கூரையைத் தவிர வேறொன்றுமில்லை. மழைக்காலம் இரண்டு போனால் அந்தக் கூரையும் இல்லை. 1930-ல் காந்தியடிகள் கள்ளுக்கடை மறியலைப் பெண்களின் பொறுப்பில் விட்டபோது எடுத்த படங்களைப் பார்த்தாலும், தொண்டர்களைக் கொண்டுதான் அது கள்ளுக்கடை என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடையைக் கொண்டு அல்ல. இன்றைக்கும் பாருங்கள், 2003-ம் வருஷம் முதல் சர்க்காரே நேரில் நடத்தும் டாஸ்மாக் கடைகளுக்கு நம்பர்தான் உண்டு, பெயர் இல்லை. குடிக்கிற இடத்துக்குப் பெயர் வைத்துக் கொண்டாட நமது ஜனங்களுக்கு மனம் வரவில்லை. நல்ல மனந்தான். ஆனால் படத்தை அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடுகிறது.

வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர், அளந்து பேசுகிறவர். நமக்குச் சாமை அரிசிச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு உபசரித்தார். படத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. சுவரில் அது மாட்டியிருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளிர்ந்த தடம் மட்டும் இருந்தது. படம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

"நம்ம மலைன்னாலே இப்ப ஒரே பேச்சுதானுங்களே, ஐயா" என்றார்.

நமக்குப் புரிந்தது. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கல்வராயன் மலையின் பெயர் அடிபடும்போதெல்லாம் சாராயத்தின் பெயரும் கூடவே அடிபட்டது. ஆலைகளில் உபயோகிக்கும் சரக்கு மெத்தனால். அது மலையிலே விளைகிற பொருள் அல்ல. ஆனாலும் பெயர் மலைக்கு வந்து சேர்ந்தது. அந்த வருஷம் நகரத்திலிருந்து பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இது என்ன கடை?" என்று கேட்டார்களாம். யாரோ விளையாட்டாக, "வேறென்ன கடை? கள்ளுக்கடைதான்" என்று சொன்னாராம். சம்பந்தம் முடியவில்லை. அதற்குக் காரணம் இந்தப் படந்தான் என்று எவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் படம் பெட்டிக்குள் போயிற்று.

பின்புறத்தில் பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது: 'கடை முன் அப்பா.' எழுதியவர் வீட்டுக்காரரின் தகப்பனார். படத்தில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் சிறுவன் அவர்தான். போதாதற்கு, பாட்டியார் உயிரோடிருந்த வரையில், "கடையாலே கெட்டோம், கடையாலே கெட்டோம்" என்று புலம்பிக்கொண்டிருந்தாராம். கேஸ் முடிந்துவிட்டது என்றே வீட்டார் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

பென்சில் எழுத்துக்குக் கீழே, கள்ளக்குறிச்சிப் படக்காரர் ஒருவரின் ரப்பர் முத்திரையும் 1941 என்ற வருஷமும் இருந்தன. படத்தின் விளிம்பு ரம்பப் பல்போல நறுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அது நாகரிகம்.

அச்சமயம் அங்கிருந்த உறவினர் ஒருவர் ஒரு சமாதானம் கூறினார்: பாட்டனார் அடிக்கடி ஆத்தூர்ச் சந்தைக்குப் போவார், ஆகையால் இது ஆத்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடையாக இருக்கலாம், நம் ஊர்க் கடை அல்ல என்று. குடும்ப மானத்தைப் பக்கத்து ஜில்லாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம்! அது செல்லாது என்று விளக்கினோம். ஆத்தூர் சேலம் ஜில்லா. ராஜாஜியின் மந்திரிசபை 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். 1941-ல் அங்கே கள்ளுக்கடை என்று ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு, படக்காரரையும் வரவழைத்துப் படம் பிடித்துக்கொள்ள எவருக்குத் துணிவு வரும்? அப்போது தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சித் தாலுக்காவிலோ கடைகள் திறந்தே இருந்தன. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து சேர்ந்தது 1948 அக்டோபர் 2-ந் தேதி. ஆகவே கள்ளுக்கடை என்றால் அது மலைக்கு இந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. உறவினர் நம்மைப் பார்த்த பார்வை, உதவிக்கு வந்தவன் பகையாளியாகிவிட்டான் என்று சொல்லிற்று.

நாம் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தோம்.

கள்ளுக்கடை என்றால் என்ன இருக்க வேண்டும்? வரிசையாகப் பானைகள், மொந்தைகள், கலயங்கள். குடித்துவிட்டு எறிந்த இலைகள். பக்கத்திலே சுண்டலோ கருவாடோ விற்கும் ஒரு கிழவி. படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்துக் கறுப்பு உருண்டை ஒன்றுதான் சாக்ஷி. "அதுதானுங்க பானை" என்றார் வீட்டுக்காரர். கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பானைக்கு வாய் இல்லை. உச்சியில் ஒரு வளையம் இருந்தது. வாயில்லாத பானையில் கள்ளை எப்படி ஊற்றுவது? கொட்டகையின் உள்நிழலில் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலி ஒன்றும், அதிலிருந்து தொங்கும் குறுக்குக் கட்டையும் தெரிந்தன. அதற்கப்பால் மூட்டைகள்.

எடைபோடும் இடம் என்பது வரையில் தெரிந்துவிட்டது. என்ன எடை, எவருடைய கடை? ஆட்களின் கம்பளியைப் பார்த்தால் தை மாசி மாதமாக இருக்கலாம். மலையில் அப்போது கடுக்காய் சேகரிக்கும் காலம். தோல் பதனிடுவதற்குக் கடுக்காய் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகள் வைத்தியரைவிட அதிகமாகக் கடுக்காய் வாங்கியவை. ஆனால் இதெல்லாம் ஊகம். ஊகத்தைக் கொண்டு ஒருவருடைய பாட்டனாரை விடுதலை செய்ய முடியுமா?

உபாத்தியாயர்தான் யோசனை சொன்னார். நான்கு வீடு தள்ளி ஓர் ஆயா இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். கண்ணில் புரை நீக்கிய பிறகு ஊசியில் நூல் கோக்கிறார் என்றார். போனோம். ஆயா படத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். அவர் மனிதர்களைப் பார்க்கவே இல்லை. கூரைக்கு மேலே மலை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓரிடத்தில், வாயில் ஒரு பல் விழுந்தாற்போல ஒரு பள்ளம் இருந்தது. நாம் பூதக்கண்ணாடியோடு அரை மணி பார்த்தும் கவனியாமல் விட்ட பள்ளம்.

"இது கடுக்காய்க் களமில்ல? இப்பத் தண்ணித் தொட்டி கட்டியிருக்காங்களே, அங்கதான்" என்றார்.

உடனே எல்லோரும் புறப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். நாம் படத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டடி முன்னே, மூன்றடி பக்கவாட்டில் என்று நகர்ந்து நின்று பார்த்தோம். ஓரிடத்தில் படத்திலுள்ள பள்ளமும் மலையிலுள்ள பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. கொட்டகை இல்லை, களம் இல்லை, அந்த ஏழு பேரும் இல்லை. மலை அப்படியே இருந்தது. லண்டனில் நாம் எழுத்தைக் கொண்டு இடத்தைக் கண்டோம். அங்கே மலை கிடையாது. இங்கே எழுத்துக் கிடையாது.

திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் ஆயாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப எங்க ஆயா எதுக்கு 'கடையாலே கெட்டோம்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு?"

"சொல்லாம? குத்தகைக்காரன் கடையைத்தான் சொல்லியிருப்பா. அங்கதான் எல்லாரும் கடுக்காயும் புளியும் கொண்டுபோய்ப் போடுவாங்க. முன்பணம் கொடுத்து எழுதிக்குவான். ஒரு மூட்டை போட்டா முக்கா மூட்டைன்னு சொல்லும் அவன் கல்லு. இதோ கிடக்குதே" என்று அந்தக் கறுப்பு உருண்டையின்மேல் விரலை வைத்தார். "கள்ளு குடிச்சுக் கெடல சாமி நாம. கல்லு நம்மளக் குடிச்சுது."

இந்த மலை அக்காலத்தில் மூன்று ஜாகீர்களாக இருந்தது. 1976-ல்தான் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. எழுத்துப் படித்தவர் ஒருவர் நாற்காலியில் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருக்க, எழுதத் தெரியாதவர்கள் சுற்றி நிற்கும் படத்தை நாம் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம். அதில் எடைக்கல்லும் சேர்ந்து விழுந்த படத்தை இப்போதுதான் பார்த்தோம்.

வீட்டுக்காரர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப எங்க தாத்தா கள்ளுக்கடைப் பக்கமே போனதில்லைன்னு சொல்லு ஆயா" என்றார்.

"கள்ளுக்கடை கீழ அடிவாரத்துல இருந்துச்சு" என்றார் ஆயா. சற்று யோசித்துவிட்டு, "சந்தை நாள்ல போவாரு. பாட்டுப் பாடிக்கிட்டே மலையேறுவாரு. நல்லாப் பாடுவாரு" என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறவினர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே படம் பெட்டியிலிருந்து வெளிவந்து, வெளிர்ந்த தடத்தின்மேல் ஏறிற்று. மாட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தோம். படத்தின் பின்புறத்தில் எழுதுவதற்கு உபாத்தியாயர் பேனாவை எடுத்தார். மை ஊறி முகத்துக்கு வந்துவிடும் என்று தடுத்து, மெல்லிய பென்சிலைக் கொடுத்தோம். அதையும் படத்தின்மேல் அழுத்தாமல், தனிக் காகிதத்தில் எழுதிச் சட்டத்துக்குள் பின்புறம் வைக்கச் சொன்னோம். இடத்தையும் வருஷத்தையும் எழுதினார். ஆயா ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு பேரில் ஐந்து பேருடைய பெயர் கிடைத்தது. மற்ற இருவரையும் காலையில் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் நமது பஸ் முந்திக்கொண்டது. அந்தக் காகிதத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறது.